ஆறு சில்லுகள்

வானுக்கு நாலு சில்லு,
மீற்றருக்குள்ளே ஆறு.
நாலும் உருண்டால்தான் ஆறும் உருளும் என்பது
யப்பான்காரன் போட்ட சட்டம்.
அதைத் திருத்துகிற ஆள் நான்.

களுவாஞ்சிக்குடிப் பெரிய ரோட்டில்
குகநேசனின் வாகன விற்பனை நிலையத்துக்குப் பின்னால்
சீற் போட்ட கொட்டில்.
ஒரு மேசை விளக்கு, நகை வேலைக்காரனின் ஊசிகள் இரண்டு,
தும்மினால் தொலைகிற திருகாணிகளுக்கு
மாஜரின் டப்பா மூடி.

மாசியில் அந்த வெள்ளை டொல்பின் வந்தது.
மீற்றரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்:
இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சம்.
ஏழு மட்டும் ஒரு பக்கம் சரிந்து நின்றது.
சில்லின் விளிம்பில் பழைய கீறல்.
எனக்கு முதலே ஒருத்தன் வந்து போயிருக்கிறான்,
நீர்கொழும்பிலோ குருணாகலிலோ,
என்னைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு.
உண்மையை அழிக்கிறேன் என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.

“ஒண்டு பன்னிரண்டு வை” என்றார் குகநேசன்,
தேத்தண்ணிக்குச் சீனி சொல்கிற குரலில்.
வைத்தேன்.

வெள்ளத்துக்குள் கிடந்த வான்.
சீற் உறைகளை மாற்றின ஜெயந்தன்
பெல்ற்றைக் கடைசிமட்டும் ஆர் இழுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று
அதிலிருந்த ஒரு சாண் சேற்றை அப்படியே விட்டான்.
இடது கதவில் இரண்டு கிலோ பட்டி,
காந்தம் வைத்தால் வழுக்கி விழும்.
புகை அடங்க எஞ்சினுக்குள் பாணி மாதிரி ஒயில்.
மணத்துக்கு மூன்று சந்தனக்குச்சி.

பட்டிருப்புப் பாலம் கடந்து திலகேஸ்வரி வந்தாள், பழுகாமத்தாள்.
புருசன் கட்டாரிலிருந்து அனுப்பினது பாதி, லீசிங் பாதி.
பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப்போகிறாளாம்.
“பொம்பிள ஓட்டினா தாய்மார் பயப்படாம ஏத்துவாங்க.”
விவரமானவள். நல்ல மெக்கானிக் ஒருத்தரைக் காட்டாமல்
வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் நான்.

ஐயாயிரம் கையில் வைத்துக் கூட்டிப்போனாள்.
முன்வாசலால் போனேன்.
குகநேசன் கை தந்து என் பெயரைக் கேட்டார்.
சொன்னேன்.
காலையிலேயே சூடாக்கி வைத்திருந்த எஞ்சினைத் தொட்டு,
தொட்ட கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
“பிழை சொல்ல ஒண்டுமில்ல தங்கச்சி” என்றேன்.
யோசித்துப் பார்த்தால் அது பொய்யில்லை.
ஒன்றையும் சொல்ல எனக்கு வாயில்லை.

பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைத்தாள்.
நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம்.
ஆறுக்கு ஒருத்தரும் வைக்கவில்லை.

ஐப்பசியில், வெல்லாவெளி ரோட்டில்,
பதினான்கு பிள்ளைகளோடு வான் நின்றுபோனதாம்.
மழைக்குள் புத்தகப்பைகளைத் தலையில் வைத்து
நடந்தே போனார்களாம்.
ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்று
இரண்டு பேரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
கொட்டிலுக்குப் பின்வழியால் வந்தாள்.
ஏசுவாள் என்று எழுந்து நின்றேன்.
ஏசவில்லை. மேசையைப் பார்த்தாள், ஊசிகளைப் பார்த்தாள்.
“ஒரு பொடியன் பெல்ற்றக் கடைசிமட்டும் இழுத்துட்டான்” என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம் மழைதான் பேசியது.

“விக்கப்போறன். லீசிங்காரன் ரெண்டு தரம் வீட்ட வந்துட்டான்.
எவ்வளவு எடுப்பீங்க?”

எனக்குத் தொண்டை அடைத்தது.
காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
இதைச் செய்யாதே தங்கச்சி என்றும் சொல்லியிருக்கலாம்,
அதைச் சொல்ல நான் ஆர்?
“எத்தனையில வைக்க?” என்று கேட்டேன்.

“நான் வாங்கக்குள்ள நிண்ட அதே இலக்கத்துல.”

மீற்றரைத் திறந்தேன். விளிம்பில் இரண்டு கீறல்.
ஒன்று அவனுடையது, மற்றது என்னுடையது;
எது எதுவென்று எனக்கே பிடிபடவில்லை.

கை நடுங்கியதைக் கண்டிருப்பாள்.
மாஜரின் மூடியை என் பக்கம் தள்ளிவிட்டு,
விளக்கைக் கையிலெடுத்து,
இலக்கத்துக்கு நேராகப்
பிடித்துக்கொண்டு நின்றாள்.