நான்கு வாரச் சீட்டு

நேற்றே கிண்ணத்தில் ஊற்றித் திறந்து வைத்தேன்.
மோன்செல் கரைசல்; நீர்க்க இருந்தால் வழிந்துவிடும்.
ராத்திரி முழுக்க மலைக்காற்றைக் குடித்து
காலையில் கடுகு விழுதாகியிருந்தது.
மொகோட்லோங்கில் எல்லாமே இப்படித்தான்,
காத்திருந்தால் கெட்டியாகும்:
பனி, கூழ், பேச்சு.

மான்செபோ படுத்திருக்கிறாள்.
கருப்பை வாயிலிருந்து நகக்கண் அளவு சதை
வளையக் கம்பியின் சூட்டில் வந்துவிட்டது.
மின்சாரம் இரண்டு தடவை கண்சிமிட்டியது;
மூன்றாவதற்குள் முடித்துவிட்டார் டாக்டர் மோஹாபி.
சுட்ட பிறகும்
எட்டு மணித் திசையில் ஒரு துளி,
கிளம்ப மனமில்லாத விருந்தாளி,
எட்டி எட்டிப் பார்க்கிறது.

விழுதை வைத்து அழுத்தினேன்.
மாடுகளின் பெயர்களைச் சொல் என்றேன் அவளிடம்.
ஏழு மாடும் முடிந்து
செம்மறிகளுக்கு வந்தபோது துளி நின்றது.
மஞ்சள் கறுத்தது.

"கறுப்பாய்ப் படும், காப்பித் தூள் மாதிரி. பயப்படாதே.
பத்தாம் நாள் வாக்கில் பொருக்கு உதிரும்,
அப்போதுதான் கவனம்.
ஒரு மணிக்குள் துணி முழுக்க நனைந்தால்
குதிரையோ வண்டியோ, ஏறி வந்துவிடு.
நான்கு வாரம் புருஷன் கூடாது.
கனமான எதையும் தூக்கக் கூடாது."

கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்:
"தண்ணீர் கனமா?"

இருபது லிட்டர் வாளி.
ஊற்று கீழே. வீடு மேலே.

"லெகோவா வெள்ளிக்கிழமை சுரங்கத்திலிருந்து வருகிறான்.
ஒன்பது நாள் லீவு.
ஐந்து மாதம் கழித்து வருகிறவனிடம்
வாயால் சொன்னால் எடுபடாது.
எழுதிக் கொடுங்கள். முத்திரையோடு."

அதற்கொரு படிவம் எங்களிடம் இல்லை.
பஞ்சுக்கு உண்டு, நூலுக்கு உண்டு,
உடைந்த வெப்பமானிக்குக்கூட உண்டு.
மருந்துச் சீட்டிலேயே எழுதினேன்:
வாளி. காலை ஒன்று, மாலை ஒன்று.
நான்கு வாரம். சுமப்பவர்: கணவர்.
அடுத்த வரியில் மற்றதையும் எழுதி
ஊதா முத்திரையை ஊன்றி அடித்தேன்.

பதினோராம் நாள்
வாசலில் குளம்புச் சத்தம்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
பஞ்சு, கையுறை, டிரானெக்ஸாமிக் ஊசி
எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடினேன்.
தானே இறங்கி, தானே நடந்து வந்தாள்.

விளக்கைப் பிடித்துப் பார்த்தேன்:
பொருக்கு போய் இளஞ்சிவப்பு. கசிவில்லை.
"அப்புறம் எதற்கு வந்தாய்?"

மடித்து மடித்து நைந்த சீட்டை எடுத்தாள்.
"அவனுக்குத் தலையில் வைக்க வரவில்லை.
தோளில் தூக்குகிறான், பாதி மலைக்கே போகிறது.
ஊரே நின்று பார்க்கிறது.
நாளைக்கு அவன் வண்டியேறுகிறான்.
ஆளை மாற்றி எழுதிக் கொடுங்கள்:
கொழுந்தன் ட்செகோ, வயது பதினாறு,
தின்கிற தீனிக்கு நாலு வாளி தூக்கலாம்."

கணவரை அடித்தேன்.
கொழுந்தன் என்று எழுதப் போனேன்.
"வாளி வரியில் மட்டும்," என்றாள்
போர்வையை வாயில் பொத்திக்கொண்டு.

"குலுங்காதே," என்றேன், நானும் குலுங்கியபடி.
மை காய்ந்திருந்தது.
முத்திரையில் ஊதி ஊதி
இன்னொரு முறை அடித்தேன்.