திங்கள் சந்தை மைக்

காரைக்குடிச் சந்தையில் மைக் என் கையில்.
வண்டியை நகர்த்தச் சொல்வேன்,
தொலைந்ததையும் சொல்வேன்.
போன வாரம் ஒரு டிபன் கேரியர் மூடி.
மூன்று பேர் அடுக்கோடு வந்தார்கள்.
யாருடையதற்கும் பொருந்தவில்லை.
கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இன்று பதினொன்றரை இருக்கும்.
உப்புக்காரி வெள்ளையம்மாள்
படியில் அள்ளும்போது அகப்பட்டதென்று
முந்திரிக்கொட்டை அளவில் ஒன்றை நீட்டினாள்.
காது மிஷின்.
பொத்திய கைக்குள்
கீச்சென்று அழுதுகொண்டிருந்தது.

'காது மிஷினைத் தொலைத்தவர்
உடனே மைக் அருகே வரவும்.'
மூன்று தடவை சொன்னேன்.
அவள் தலையிலடித்துக்கொண்டாள்:
'கேட்டாத்தானய்யா வருவாரு!'

கொஞ்சம் யோசித்தேன்.
பிறகு முழுச் சத்தத்தில் வைத்து
'திருடன்! திருடன்!' என்றேன்.

சந்தை மொத்தமும்
மடியைத் தொட்டுக்கொண்டு திரும்பியது.
ஒருவர் மட்டும்,
அதுவும் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே,
முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளத்தூர் சாத்தப்பன்.
உப்பு ஒட்டியிருந்ததை வேட்டி நுனியில் துடைத்து
காதில் செருகிக்கொண்டார்.
முகம் ஒரு கணம் சுளித்தது.
எனக்கு நன்றி சொல்வாரென்று நின்றேன்.
அவர் காய்க்காரி பக்கம் திரும்பி,
'இப்பச் சொல்லு, கட்டு என்ன விலை?'
அவள் பத்து ரூபாய் குறைத்துச் சொன்னாள்.

திருடன் யாரென்று கேட்டவர்களுக்கு
இன்னும் பதில் சொல்லி முடியவில்லை.

காற்று வந்தது.
கம்பத்தில் மூடி மெல்லத் தட்டியது.
பையோடு போய்க்கொண்டிருந்தவர்
நின்று,
திரும்பிப் பார்த்தார்.