இடது பின்கதவு

ருஸ்தாவிச் சந்தையில் ஞாயிறு காலை.
கண்ணாடியில் விலை எழுதிய கார்கள்
மூடுபனிக்குள் முடிவில்லாமல் நிற்கின்றன.
அமெரிக்காவில் அடிபட்டவை,
போத்தித் துறைமுகத்தில் கப்பலிறங்கி
இங்கே தட்டி நிமிர்த்தப்பட்டவை.

மல்காஸ் ஒவ்வொன்றிலும் முன்மூடியைத் திறக்கச் சொல்கிறான்.
நான் பின்கதவைத் திறக்கச் சொல்கிறேன்.
என் கைப்பையில் அளவு நாடா இருக்கிறது.
மூன்று குழந்தை இருக்கைகளுக்கு
நூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர் வேண்டும்.
சமையலறைத் தரையில் வைத்து அளந்த கணக்கு.
ஒன்றில் சபா, ஒன்றில் பார்பரே,
மூன்றாவதில் ஒரு பூசணிக்காய்.

பூசணிக்காய்க்கு இப்போது ஆறாம் மாதம்.
உதைக்கிற உதைக்குத் தனிக் கதவே கேட்கும் போலிருக்கிறது.

எங்கள் ஓப்பலுக்கு இரண்டே கதவுகள்.
அதை வாங்கும்போது நாங்களும் இரண்டே பேர்.
இப்போது சபாவைப் பின்னால் ஏற்ற
முன்னிருக்கையை மடக்கி, அவனையும் மடக்கி,
ஒரு ஷூவைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறோம்.

"ஓர் ஆசிரியை ஓட்டியது" என்கிறார்கள் இங்கே.
"ஞாயிற்றுக்கிழமை மட்டும், தேவாலயத்துக்கு."
ஆறு கார் பார்த்தோம், ஆறிலும் ஓர் ஆசிரியை.
அந்த நாட்டில் வேறு யாருமே கார் ஓட்டுவதில்லையா
என்று கேட்டான் மல்காஸ்.
விற்பவன் சிரிக்கவில்லை.

ஏழாவது, சாம்பல் நிறம்.
பின்னிருக்கை நூற்று முப்பத்தைந்து.
மூன்று விரல் மிச்சம்!
நாடாவை மறுபடி இழுத்துப் பார்த்தேன்,
ஆசையில் அளந்தால் கூடுதலாகத்தான் வரும்.
அப்போதும் முப்பத்தைந்து.

எங்களோடு வந்த மெக்கானிக் பெயர் அவ்தோ.
அவ்தாண்டிலின் சுருக்கம், காருக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை
என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி
களைத்துப்போன மனிதர்.
தீப்பெட்டியளவு கருவியை எடுத்து
கதவு கதவாக ஒற்றினார்.
சாயத்தின் தடிமன் எண்ணாக வரும்.
நூற்றுப் பத்து. நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பன்னிரண்டு.
இடது பின்கதவில்
எண்ணூற்று நாற்பது.

விற்பவனுக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது.
மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

"பட்டி பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்" என்றார் அவ்தோ.
"தூண் நேராக இருக்கிறது, எஞ்சின் சுத்தம்."
நான் எஞ்சினைக் கேட்கவில்லை.
அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டேன்.
இருக்கையின் மடிப்பில்
ஊதா நிற மெழுகுப் பென்சில் ஒன்று
உருகி ஒட்டியிருந்தது.

சேஸிஸ் எண்ணை அடித்ததும்
ஏலத்துப் படங்கள் வந்தன.
மல்காஸ் ஃபோனைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான்.
பிடுங்கிக்கொண்டேன்.
கதவு உள்வாங்கியிருந்தது, கிண்ணம் போல.
காற்றுப்பை தொங்கியது.
பின்னால், இடது பக்கம், ஒரு குழந்தை இருக்கை.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்,
புள்ளி புள்ளியாய்ச் சிதறும்வரை.
பிறகு கொஞ்சம் சின்னதாக்கினேன்.

பட்டை வெட்டப்படவில்லை.
கொக்கி கழற்றப்பட்டிருந்தது,
நாம் தினமும் கழற்றுவது போல,
சிவப்புப் பொத்தானை அழுத்தி.
அவசரத்தில் கத்தி தேடாத ஒரு கை.
அப்படித்தான் படித்தேன் அந்தப் படத்தை.
வேறு மாதிரியும் படிக்கலாம் என்று தெரியும்.
அவ்தோவைப் பார்த்தேன்.
அவர் கருவியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்,
அதில் தூசியே இல்லை.

நானூறு டாலர் குறைத்தான்.
மல்காஸ் இன்னும் நூறு கேட்டான்,
நான்கு குளிர்காலச் சக்கரம் கிடைத்தது.

ஓப்பலை அவ்தோ ஓட்டிவந்தார்.
"முன்னால் உட்காரேன், வயிற்றோடு எதற்குப் பின்னால்?"
என்றான் மல்காஸ்.
நான் இடது பின்கதவைத் திறந்து ஏறினேன்.
ஒரே தள்ளலில் மூடிக்கொண்டது.
பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தாழ்த்தி மாட்டினேன்,
கழற்றினேன், மாட்டினேன்.

"என்ன செய்கிறாய் அங்கே?"

அளவு பார்க்கிறேன் என்றேன்.