வெப்பப் படம்

ரூவி, மூன்றாம் மாடி, ஆகஸ்ட்.
கேமராவைச் சன்னலுக்குக் காட்டினேன்:
சட்டத்தைச் சுற்றி மஞ்சள் கசிவு.
ஏசிக்குப் பதினாறு வயது,
குளிர்வதைவிட இருமுவது அதிகம்.
மாற்றினால் பாதி விலை மானியம்
என்றேன்.
"மானியம் முதலாளிக்கு,
பில் எங்களுக்கு" என்றார் ஜபருல்லா,
தேநீரை நீட்டியபடி.

வசிப்போர் எத்தனை பேர்? படிவம் கேட்டது.
ஒப்பந்தத்தில் உள்ளபடி
நாலு.

உள்ளறைக்குக் கேமராவைத் திருப்பினேன்.
சுவரோரம் ஐந்து மெத்தை, ஆளில்லை.
ஒவ்வொன்றிலும்
ஒருக்களித்துப் படுத்திருந்தது
ஒரு சிவப்பு.
மாடிப்படியில் யாரோ
இருமலை விழுங்கினார்கள்.

ரப்பர் பட்டை ஒட்டவேண்டிய இடுக்குகளை
இரண்டு முறை அளந்தேன்.
கதவு, சன்னல், மறுபடி கதவு.
சிவப்பு ஆரஞ்சாகி,
ஆரஞ்சும் மங்கி,
மெத்தைகள் நீலமான பிறகே
படம் எடுத்தேன்.