ஆறரை மணிக்குக் கப்பல்

வேலூருக்குக் கப்பல் வராது.
பாலாற்றில் வருவது மணல் லாரிதான்,
அதுவும் ராத்திரியில்.
ஆனாலும் போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
கப்பல்காரர்கள் பதினொரு பேர்
ஓட்டேரித் தோட்டத்து வாசலில்
வேனைவிட்டு இறங்கினார்கள்,
தரை இன்னும் ஆடுகிற மாதிரி
காலை அகட்டி வைத்து.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு பகல் நிறுத்தம்.
மற்றவர்கள் மாமல்லபுரம் போனார்களாம்.
இவர்களுக்குச் செடிப் பைத்தியம்.
வர மூன்றரை மணி நேரம்,
போக மூன்றரை,
நடுவில் தோட்டத்துக்கு மிச்சம்
ஒன்றேகால்.

நஸீம் பானு மேடம்
விடைத்தாள் திருத்தத் திருவண்ணாமலை போயிருந்தார்.
"நீயே காட்டிடும்மா, பேரெல்லாம் தெரியுமில்ல?"
தெரியும்.
பதினாறு வருஷமாய்
தகரப் பலகைகளுக்குப் பெயின்ட் அடிப்பவள் நான்.
லத்தீன் எனக்கு எழுத்தெழுத்தாய்த் தெரியும்.
வாய்விட்டுச் சொன்னதில்லை.

நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுகிறவர்கள்
மரமில்லாத மலை என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.
அந்த மொட்டை மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
மரம் காட்டினேன்.

நாகலிங்கத்தின் கீழே
நெட்டையான ஒருவர் நின்றுவிட்டார்.
போன மாதம் கப்பல் நின்ற ஊரில்
ஆற்றங்கரை முழுக்க இதுதானாம்.
வழிகாட்டி ஜெபசீலன் தமிழில் சொன்னான்:
"இது அவங்க பக்கத்து மரமாம் அக்கா,
தென்னமெரிக்கா."
"சிவன் கோயில் மரம்ப்பா இது" என்றேன்.
ஒரு பூவை விரித்து
படத்தையும் உள்ளே இருந்த லிங்கத்தையும் காட்டினேன்.
அவர் தொப்பியைக் கழற்றினார்.
பூவுக்கா வெயிலுக்கா, கேட்கவில்லை.

அதோடு விடவில்லை அந்த மனிதர்.
தூங்குமூஞ்சி மரம், அதுவும் அங்கிருந்துதானாம்.
வாசலில் சிவந்து கொட்டப்போகிற குல்மோஹர்
மடகாஸ்கராம்.
முந்திரி, கொய்யா, சீத்தா
ஒவ்வொன்றாய் விரல்விட்டுக்கொண்டே வந்தார்,
கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் போல.
எல்லாம் கப்பலில் வந்து இறங்கி
திரும்ப ஏறாதவை.

"அப்போ இந்த ஊர்ச்செடி எது?"
இங்கா என்ற அம்மாள் கேட்டாள்.
பித்தளை நிற முடி, முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ்.
நான் பலகைகளைப் பார்த்தேன்.
பிறகு வேலியைப் பார்த்தேன்.
எருக்கு. குப்பைமேனி. நாயுருவி.
"இதெல்லாம்தான்."
பலகை எங்கே என்று கண்ணாலேயே கேட்டாள்.
இல்லை.
களைக்கு யார் பேர் எழுதுவார்கள்,
மாதம் ஒருமுறை
நான்தான் பிடுங்கிப் போடுகிறேன்.

அவள் வேலியோரமாகப் போய் உட்கார்ந்தாள்.
பத்து நிமிஷம்.
மற்றவர்கள் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து
இருமிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது
மஞ்சாடி மரத்தடியில் கைநிறையப் பொறுக்கியிருந்தாள்.
ஜெபசீலன் தலையை ஆட்டினான்:
விதை எதுவும் கப்பலேறக் கூடாது,
பையைக் கொட்டிப் பார்ப்பார்கள்.
ஒவ்வொன்றாய் எண்ணி என் கையில் வைத்தாள்.
இருபத்து மூன்று.
நம்பமாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ,
சட்டைப் பை இரண்டையும்
வெளியே இழுத்துக் காட்டினாள்.

வேன் படியில் காலை வைத்தபோதுதான் கவனித்தேன்.
அந்த வெள்ளை சாக்ஸில்
கணுக்காலிலிருந்து முழங்கால் வரை
தையல் போட்ட மாதிரி
நாயுருவி விதைகள்.
சொல்ல வாயெடுத்தேன்.
டிரைவர் தணிகாசலம்
வண்டியை எடுத்துவிட்டார்.

எடுக்காமலிருந்தாலும்
சொல்லியிருப்பேனா, தெரியாது.

ஆறரை மணிக்கு
டியூபைச் சுருட்டி வைத்தேன்.
மஞ்சாடிகளை மேஜை டிராயரில்,
காய்ந்துபோன பிரஷ்களுக்குப் பக்கத்தில் போட்டேன்.
வாசலைப் பூட்டிவிட்டுக் குனிந்தால்
என் சேலைக் கரையிலும் ஏழெட்டு.
பிய்க்கவில்லை.
அப்படியே காட்பாடி பஸ் ஏறினேன்.