பாடு

ஏரி நடுவில் ஒரு சிமெண்ட் தூண்.
இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் ஆந்திரா.
உச்சியில் நீர்க்காக எச்சம்,
இரண்டு பக்கமும் வழிந்திருக்கிறது.

மீன்வளத் துறையில் எனக்கு வேலை.
தேர்வுக்கு உருப்போட்ட மூன்று பட்டியலும்
இன்னும் தூக்கத்தில் வரும்:
மீன் மாநிலத்துக்கு.
பறவை இருவருக்கும்.
ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால்
அன்றைக்கு வானம், கடல், எங்கள் காலை
எல்லாம் டெல்லிக்கு.

அப்படியொரு செவ்வாய்.
ஊர் சீட்டுக் குலுக்கியதில் அது தேசம்மாள் பாடு.
புதன் போலய்யா வீட்டுக்கு.
இது எங்கும் எழுதி இல்லை, யாரும் மீறியதும் இல்லை.

ராத்திரி கட்டிய வலையில்
பூநாரை ஒன்று கால் சிக்கிக் கிடந்தது.
வனத்துறைக்குப் போன் போட்டேன்.
"தூணுக்கு எந்தப் பக்கம்?"
சூளூர்பேட்டைக்குப் போட்டேன்.
தெலுங்கில் அதே கேள்வி.

அவள் அதற்குள் கத்தியை எடுத்து
நாலு முழம் அறுத்துவிட்டாள்.
பறவை தண்ணீர்மேல் தடதடவென ஓடி எழுந்து
ஆந்திராவுக்குப் போய்,
என்ன நினைத்ததோ, திரும்பி வந்தது.

"இந்தக் கிழிசல் யார் கணக்கு சார்?"

மூன்றிலும் தேடிப் பார்த்தேன்.
"எதிலும் இல்லாதது டெல்லிக்கு" என்றேன்.
விதி அப்படித்தான்.

"அப்ப அவங்களை வந்து முடையச் சொல்லு.
நாளைக்கு என் பாடு இல்ல."

பதினொன்று ஐந்துக்குத் தரை அதிர்ந்தது.
கரையில் எல்லோரும் அண்ணாந்தார்கள்.
அவள் வலை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

நான் படிவம் நிரப்பினேன்.
சம்பவ இடம் என்ற கட்டத்தில்
தண்ணீர் என்று எழுதினேன்.