மூன்றாவது ஆள்

நீடாமங்கலம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்
காய்ச்சல் வரிசைக்கு நான் வைத்த விதி:
இருமுகிறவர்களில் மூன்றாவது ஆள்.
ஒன்று, இரண்டு, விடு. மூன்று, மூக்கைக் காட்டு.
தலைவரின் மருமகன் வந்து நின்றாலும்
எண்தான் கூப்பிடும்.

இருபத்தோரு வருடம்.
ஐப்பசி அடைமழையில் ஏறித் தையில் இறங்கும் கோட்டை
பயிர் வயது சொல்வதுபோலச் சொல்வேன்:
இது எச்-மூன்று, இன்னும் பால் பிடிக்கவில்லை.
இது பி, எப்போதும் பின்பட்டம், தாளடி மாதிரி.

அறுத்த வயலில் வாத்து மேய்த்த வேதையனிடம்
வாத்தின் பின்புறம் குச்சி விட அனுமதி கேட்டேன்.
"ஏன், அதுக்கு மூக்கு இல்லியா?"
இருநூறு மாதிரி. ஒன்றிலும் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பப்
பதினோரு பக்கம் ஆனது.

புயலடித்த கார்த்திகையில் பதினேழு நாள் கரண்ட் இல்லை.
லூர்துமேரி தன் அண்ணனின் விசைப்படகு ஐஸை
நாகையிலிருந்து மூட்டை கட்டி எடுத்துவந்தாள்.
குப்பிகளெல்லாம் மத்தி நாறின.
பாதி வைரஸ் செத்தது.
மீதிப் பாதியை வைத்துத்தான்
எனக்கு அந்த விருது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை.
காதோடு மஞ்சள் துண்டு சுற்றிய பையன்,
ஏழு வயதிருக்கும், இரண்டாவதாக நின்றான்.
"இவனுக்கு எடுக்கலையா?" என்றாள் அம்மா.
"இல்லம்மா, அடுத்த ஆளுக்கு."
ஏதோ மிச்சமானதுபோல அவன் சிரித்தான்.
டாக்டர் மாத்திரை கொடுத்தார்.
சனிக்கிழமை தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி.
ஞாயிறு, வெண்ணாற்றங்கரை.

குச்சி விட்டிருந்தாலும் முடிவு வர ஒன்பது நாள்.
தெரியும்.
எந்தக் கணக்கிலும் அவன் பிழைப்பதில்லை,
மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
அந்த வாரத்துச் சதவீதம் சரி.
திருத்தச் சொல்லி எவரும் எழுதவில்லை.
எது கொண்டுபோனது என்பது மட்டும்
என் பதிவேட்டில் எங்கேயும் இல்லை.

அடுத்த செவ்வாய் வரிசை
வாசல் தாண்டி வாய்க்கால் மதகுவரை நிற்கிறது.
விதியை மாற்றவில்லை.
மாற்றினால் இருபத்தோரு வருடமும்
எதனோடும் ஒப்பிட முடியாத காகிதம்.
லூர்துமேரி எண்ணத் தொடங்குகிறாள்.
ஒன்று, என்கிறாள்.
நான் குளிர்பெட்டியின் மூடியை இறுக்குகிறேன்,
ஏற்கெனவே இறுக்கியதை.